மேம்படுத்திய நாளில் வேறு என்னென்ன மாறின?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற சலுகை இருந்தது. நான் அதற்குப் போகவில்லை. புத்தக வடிவமைப்பு என் தொழில். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை முன்வைத்து நவம்பர், டிசம்பரில் பதிப்பகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையைக் கொண்டுவந்து கொட்டும். அந்த நெருக்கடிக்கு முன்பே விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால் நிம்மதி என்று செப்டம்பர் கடைசியில் மாறினேன். நிம்மதி வருவதற்கு நவம்பர் ஆகிவிட்டது.

கணினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரைசன் 5 3600 செயலி, பி450 மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம் இரண்டு. ஒரு ரேம் கணினியோடு வந்தது. இன்னொன்று பிற்பாடு வாங்கிச் செருகிய வேறொரு தயாரிப்பு. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தச் செயலியிலேயே இருக்கிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் இயக்கினால் போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் முன்பு இருந்தது. சில ரைசன் கணினிகளில் இந்த டிபிஎம் இயங்கும்போது அவ்வப்போது கணினி திணறி நிற்பதாக ஏஎம்டி நிறுவனமே 2022இல் அறிவித்து, பயாஸ் புதுப்பிப்பின் வழியாகத் தீர்வும் தந்தது. எனவே முதலில் பயாஸைப் புதுப்பித்து, பிறகு டிபிஎம்மை இயக்கி, அதன் பிறகு விண்டோஸ் 11 என்று திட்டம். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் மெக்கானிக் தம்பி வந்து ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் அருமையாக ஓடியது. அதன் பிறகு ஆரம்பித்தது தொல்லை. இரவு ஷட் டவுன் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது பிழைத் திரை வந்து நிற்கும். சில காலைகளில் திரை வரும், சுட்டி நகராது. பகலில் முந்நூறு நானூறு பக்கப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது திடீரென்று விழும். நீலத் திரை என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அந்தத் திரை 2025இல் வந்த புதுப்பிப்புகளுக்குப் பிறகு விண்டோஸ் 11இல் கருப்பாகிவிட்டது; நிறம் மாறியதில் எரிச்சல் குறையவில்லை.

விசாரித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: விண்டோஸ் 11தான் காரணம், பழையதற்கே திரும்பிப் போய்விடுங்கள். மேம்படுத்திய பிறகு வந்த கோளாறு என்பதால் மேம்படுத்தலால் வந்த கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ஒரு தாளை எடுத்து, அந்தப் பிற்பகலில் என் கணினியில் என்னென்ன மாறின என்று எழுதிப் பார்த்தேன். விண்டோஸ் மாறியது. பயாஸ் மாறியது. பயாஸ் புதுப்பித்தால் அதிலிருந்த அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும், ஆகவே அவையும் மாறின. கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது அந்த வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், புதிதாக வந்தது. மின்சாரச் சிக்கன அமைப்புகள் புதிதாக எழுதப்பட்டன. பெட்டியைத் திறந்து தூசி தட்டியபோது ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்து மறுபடி செருகியதும் உண்டு. விண்டோஸ் அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. பிற்பாடு கோளாறைக் கண்டுபிடித்துத் தந்தது இந்தத் தாள்தான். நான் பயன்படுத்திய எந்த மென்பொருளும் இந்த அளவுக்கு உதவவில்லை.

அடுத்த வேலை, விழுந்த நேரங்களைச் சேர்ப்பது. விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அன்று நிறுவிய புதுப்பிப்பு, செயலிழந்த மென்பொருள், எதிர்பாராத நிறுத்தம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குக் கீழே வரிசையாக நிற்கும். சிவப்புக் குறி முதன்முதலில் எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பாருங்கள். அது மேம்படுத்திய தேதிக்கு முந்தியதாக இருந்தால் கதையே வேறு. என் கணினியில் முந்திய குறி எதுவும் இல்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது கெர்னல்-பவர் 41 என்ற சிவப்பு வரியைத்தான். உடனே பவர் சப்ளையை மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அந்த வரிக்கு அர்த்தம், கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே. ஏன் என்று அது சொல்லாது. அதன் விவரங்களுக்குள் பக்செக்கோட் என்று ஓர் எண் இருக்கும். அது சுழியமாக இருந்தால் விண்டோஸ் பிழையைப் பதிவு செய்ய அவகாசமே கிடைக்கவில்லை என்று பொருள்: மின்சாரம் போயிருக்கலாம், வன்பொருள் முற்றிலும் உறைந்திருக்கலாம், நாமே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கலாம். சுழியம் இல்லாவிட்டால் விண்டோஸ் தானே நின்றிருக்கிறது, பெரும்பாலும் விழுந்த கணத்தின் விவரம் அடங்கிய மினிடம்ப் கோப்பும் எழுதியிருக்கும். எனக்குச் சுழியம் வந்தவை எல்லாம் காலையில் உறைந்துபோய் நானே அணைத்த சமயங்கள். யூபிஎஸ் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. ஆனாலும் மனம் கேட்காமல், வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். கணினி அசையாமல் ஓடியது.

மினிடம்ப் கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற உள்கோப்புறையில் கிடக்கும். அவற்றைப் படிக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டிபிஜி போதும். கோப்பைத் திறந்து அனலைஸ் கட்டளையைக் கொடுத்தால் நீளமாக எழுதிக் கொட்டும். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டியவை பிழையின் பெயரும், குற்றம் சாட்டப்படும் கோப்பின் பெயரும். விண்டோஸின் மையக் கோப்பான என்டிஓஎஸ்கெர்னலின் பெயர் அடிக்கடி வரும். விழுந்த இடம் அது என்பதால் தள்ளியதும் அதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாக் கோப்புகளையும் தேதி, நேரம், பிழையின் பெயர், அப்போது செய்துகொண்டிருந்த வேலை என்று அந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதிய பிறகு, விஷயம் கண் முன்னால் தெரிந்தது. இரவில் வந்தவை எல்லாம் ஒரே பெயர்: டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். பகலில் வந்தவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு: மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட், ஐஆர்கியூஎல் என்று தொடங்கும் நீளப் பெயர் ஒன்று. இரண்டு நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வைத்ததுபோல, இரண்டு தனித்தனிக் கோளாறுகளை நான் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்றால் கணினி விழும். சரிசெய்தது பலிக்கவில்லை என்று அதையும் மாற்றி வைத்துவிடுவோம். கணினிக் கோளாறுகள் மாதக்கணக்கில் இழுப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பொதுவாக ஒரே பிழை, ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். நேரம் காலம் இல்லாமல் வெவ்வேறு பெயரில் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் எங்கே தொடங்குவது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

இரவுக் கோளாறை முதலில் எடுத்தேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் உண்மையான ஷட் டவுன் ஆகாது. நம் மென்பொருள்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியையும் டிரைவர்களையும் இருக்கும் நிலையிலேயே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். மறுநாள் அதைப் படித்து எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். “அணைத்துப் போட்டும் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது” என்று பலரும் வியப்பதற்குக் காரணம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ பக்கத்துக்குப் போய் அப் டைம் என்பதைப் பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியில் அது நாட்கணக்கில் காட்டினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய விண்டோஸில் அதை நான் அணைத்து வைத்திருந்தேன். மேம்படுத்திய பிறகு பார்த்தால் மறுபடி இயக்கத்தில் இருந்தது.

சோதிக்க எளிய வழி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்குவது. அந்த ஒரு முறை மட்டும் முழுமையாக மூடப்படும். சில இரவுகள் அப்படியே செய்தேன். காலையில் உறைவது நின்றுவிட்டது. ஆனால் இரவில் வட்டம் சுற்றுவது முழுதாக நிற்கவில்லை, அதனால் அடியில் ஏதோ ஒரு டிரைவர் இருக்கிறது என்பது உறுதியானது. விண்டிபிஜி அதன் பெயரையும் காட்டியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் டாங்கிள்!

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் வேலை செய்தவர்களுக்கு டாங்கிள் தெரியும். மென்பொருளை வாங்கினால் கூடவே பென் டிரைவ் அளவில் ஒரு பூட்டும் தருவார்கள். அது கணினியில் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். மறுபதிப்புக்கு வரும் பழைய புத்தகங்களின் கோப்புகள் அந்தக் குறியாக்கத்தில் இருப்பதால் அதை இன்னும் செருகியே வைத்திருந்தேன். அதன் டிரைவர் பழைய விண்டோஸ் காலத்தில் எழுதப்பட்டது. தூங்கு, எழுந்திரு என்று யூஎஸ்பிக்கு வரும் கட்டளைகளுக்கு அது பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. விண்டோஸ் 10இல் நான் மின் சிக்கன அமைப்புகளை எல்லாம் அணைத்து வைத்திருந்ததால் அந்தக் கட்டளைகள் அதற்கு அதிகம் போகவே இல்லை. மேம்படுத்தல் அந்த அமைப்புகளைப் பழைய இயல்புநிலைக்குக் கொண்டுவந்ததும் அதன் குணம் வெளிப்பட்டது.

டிரைவர்களின் தேதியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. டிவைஸ் மேனேஜரில் பல டிரைவர்களின் தேதி 2006 ஜூன் 21 என்று இருக்கும். பயந்து அவற்றைப் புதுப்பிக்கக் கிளம்ப வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போடும் தேதி அது; வன்பொருள் தயாரிப்பாளர் தரும் டிரைவர் அதைவிடப் புதியதாகத் தெரிந்து முன்னுரிமை பெற வேண்டும் என்பதற்காக. வெளியார் டிரைவர்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கமாண்ட் பிராம்ப்டில் பிஎன்பியூட்டில் கட்டளை பட்டியல் தரும். ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்பவற்றுக்கும் இதுவே பதில். கோளாறு தேடும் நேரத்தில் ஒரே நாளில் இருபது மாற்றங்களைச் செய்துவிட்டுப் போகும் விருந்தாளியை யார் கேட்டார்கள்?

டாங்கிள் டிரைவரை முழுதாக நீக்கினேன். பழைய மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. அதில் விண்டோஸ் 7 அப்படியே இருந்தது. டாங்கிளும் அந்தத் தட்டச்சு மென்பொருளும் அங்கே குடியேறின. இணையம் அதற்குக் கிடையாது. பழைய கோப்பு வந்தால் அங்கே திறந்து, யூனிகோடுக்கு மாற்றி, பென் டிரைவில் கொண்டுவருகிறேன். புதிய தட்டச்சுக்கு விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 போதுமானதாக இருக்கிறது. இரவுக் கோளாறு அதோடு முடிந்தது.

பகல் கோளாறுக்கு வருவோம். இதற்கு முன் எல்லோரும் சொல்லும் சடங்குகளைச் செய்தாயிற்று: டிஐஎஸ்எம் கட்டளையால் விண்டோஸ் படிமத்தைச் சரிபார்ப்பது, பிறகு எஸ்எஃப்சி கட்டளையால் கோப்புகளைச் சரிபார்ப்பது. வரிசை முக்கியம், டிஐஎஸ்எம் முதலில். எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரைச் சேஃப் மோடில் துடைத்து மறுபடி நிறுவினேன். எதிலும் பயனில்லை.

தாளில் எழுதிய பட்டியலில் மீதி இருந்தது பயாஸும் ரேமும். மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன்.

“தம்பி, பயாஸைப் புதுப்பித்த அன்று உள்ளே வேறு ஏதாவது மாற்றினீர்களா?”

“டிபிஎம் ஆன் செய்தேன், அண்ணே. அப்புறம் ரேம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் 3200 ரேம் வாங்கிப் போட்டுவிட்டு இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறீர்களே என்று எக்ஸ்எம்பியையும் ஆன் செய்துவிட்டேன்.”

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ரேம் அட்டையில் அச்சிட்டிருக்கும் 3200 என்பது, எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் கிடைக்கும் வேகம். இயக்காவிட்டால் பாதுகாப்பான குறைந்த வேகத்தில் ஓடும். இரண்டு அட்டைகளும் ஜோடியாக வாங்கியவை என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வேறு வேறு தயாரிப்புகளைச் சேர்த்துப் போடும்போது, தனித்தனியே 3200இல் ஓடுபவை சேர்ந்து ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். அங்கீகாரமில்லாத மென்பொருளிலிருந்து கணினியைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் தடுத்தால் சோதனை முடியும்வரை மட்டும் அதை அணைத்து வைக்கலாம். அதற்கு முன் ஒன்று: வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் எதைத் தொட்டாலும் கணினி அதைக் கேட்கக்கூடும். பயாஸைப் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் சிவப்பு வரிகள். ரேம் சோதனையில் ஒரு பிழை வந்தாலே தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. பிறகு ஒவ்வோர் அட்டையையும் தனியாகப் போட்டுச் சோதித்தேன். இரண்டுமே 3200இல் பிழையில்லாமல் ஓடின. இரண்டையும் சேர்த்து 2666இல் ஓட்டினேன், அதிலும் பிழையில்லை. அட்டைகள் கெட்டுப்போகவில்லை, அந்த வேகத்தில் சேர்ந்து ஓட முடியவில்லை, அவ்வளவுதான். 2666இலேயே விட்டுவிட்டேன். புத்தக வடிவமைப்பில் அந்த வேக இழப்பு எனக்குத் தெரியவே இல்லை.

நண்பர்கள் சொன்னபடி விண்டோஸ் 10க்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். பயாஸில் எக்ஸ்எம்பி அப்படியே இருந்திருக்கும். மெம்டெஸ்ட் விண்டோஸ் இல்லாமலே பிழை காட்டிய கணினி, விண்டோஸ் 10இலும் விழுந்திருக்கும். திரும்பிப் போவது தப்பான வழி என்று சொல்லவில்லை. மேம்படுத்திய பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி பக்கத்தில் அந்த வழி திறந்திருக்கும். அந்தக் கெடுவை டிஐஎஸ்எம் கட்டளையால் அறுபது நாள் வரை நீட்டவும் முடியும். முதல் வாரத்திலேயே நீட்டி வைத்துக்கொள்வது நல்லது. பத்து நாள் கழிந்தால் பழைய விண்டோஸ் கோப்புறை அழிக்கப்பட்டுவிடும், வட்டைச் சுத்தம் செய்யும்போது நாமே அழித்துவிடுவதும் உண்டு. ஆனால் அவசரப்பட்டுத் திரும்பும் முன், ஒரு லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி அரைநாள் வேலை செய்து பாருங்கள். அதிலும் விழுந்தால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை.

ரேம் கோளாறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரேமில் பிழை இருந்த நாட்களில் அந்தக் கணினி எழுதிய கோப்புகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. கணினி விழுந்தால் நமக்குத் தெரிகிறது. விழாமல், ஓர் எழுத்தோ ஒரு படத்தின் மூலையோ மட்டும் மாறிப்போய்ச் சேமிக்கப்பட்டால் எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் ஏற்றுமதி செய்த பிடிஎஃப் கோப்புகள் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கினேன். ஒரு பாடநூலில் ஒரு படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக நின்றது. அது அச்சகத்துக்குப் போகவில்லை, நல்லவேளை. வெளி வட்டில் எடுத்த காப்புப் பிரதிகளும் இதே ரேம் வழியாகப் போனவைதான் என்பதால், செப்டம்பருக்கு முந்திய பிரதியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தேன். கோளாறு தேடும் காலத்தில் பழைய காப்புப் பிரதியின் மேல் புதியதை எழுதாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மெக்கானிக் தம்பியோடு இப்போது ஓர் ஏற்பாடு. பயாஸைத் தொடும் முன் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல மதர்போர்டுகளில் பென் டிரைவைச் செருகிவிட்டு எஃப்12 அழுத்தினால் பயாஸே படம் பிடித்துத் தருகிறது. முடித்த பிறகு என்னென்ன மாற்றினார் என்பதைச் சர்வீஸ் பில்லின் பின்பக்கம் எழுதிவிட்டுப் போகிறார். முதலில், “இதையெல்லாமா எழுதுவது, அண்ணே?” என்றார். இப்போது மற்ற வாடிக்கையாளர்களுக்கும் எழுதித் தருவதாகக் கேள்வி.

விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு உண்டு. டாங்கிள் இருந்தவரை அதை இயக்க முடியவில்லை. பொருந்தாத டிரைவர் இருக்கிறது என்று சொல்லி அந்தக் கோப்பின் பெயரையும் அங்கேயே காட்டியிருக்கிறது. விண்டிபிஜி வரை போகாமல், மேம்படுத்திய கையோடு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எந்தெந்தப் பழைய டிரைவர்கள் உள்ளே பதுங்கியிருக்கின்றன என்று பட்டியலே கிடைத்துவிடும். டிரைவரை நீக்கிய பிறகு அதை இயக்கினேன், மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் இன்னும் அணைத்தே வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் அதனால் மிச்சமாகும் சில விநாடிகள் எனக்குத் தேவைப்படவில்லை.